ஹுஸ்னா கடை அளவு

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழக்கடைகள் முடிந்து பாத்திரக்கடைகள் தொடங்குகிற சந்தில் ஹுஸ்னாவின் தையல் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை, ஏனென்றால் அதை மறைத்துக்கொண்டு எந்நேரமும் நாலு நைட்டி தொங்கும். உள்ளே இரண்டு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அளவெடுக்க ஒரு திரை மறைவு. இந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேராவது அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

எதற்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிற ஆம்பிளைக்கு இந்தக் கதை விளங்காது, அவர் போய் டீ குடித்துவிட்டு வரலாம். டேப் இடுப்பில் பட்டதும் வயிறு தானாக முதுகைப் பார்த்து ஓடும். அது பெண்ணுக்கும் டேப்புக்கும் உள்ள வழக்கு. “மூச்ச விடுங்கக்கா, ஜாக்கெட்டுக்குள்ள நீங்களும் இருக்கணும், மூச்சும் இருக்கணும்ல” என்பாள் ஹுஸ்னா. மூச்சை விடுகிற அந்த ஒரு நொடியில் அளவை எடுத்துவிடுவாள்.

ஹுஸ்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்ததும் கம்பம், வாக்கப்பட்டதும் கம்பம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவதென்றால்கூட இரண்டு தெரு தாண்டினால் போதும், கோபம் சூடு ஆறுவதற்குள் ஆளே திரும்பி வந்துவிடும் என்று அவள் வீட்டுக்காரர் ஜெய்லானி சொல்வார். அவருக்குத் திராட்சை, வாழை கமிஷன் மண்டி. நாளெல்லாம் தராசோடு கிடக்கிற மனிதர். அதனால் பெண்டாட்டியின் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரு ஆத்தாமை உண்டு.

“நான் எடையில நூறு கிராம் கூடக்கொறச்சுச் சொன்னா வெட்டருவாளத் தூக்கிட்டு வாராக. நீ அளவுல வாய் கூசாமப் பொய் சொல்ற, உனக்குத் தீவாளிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டாந்து கொடுத்துட்டுப் போறாக. இது என்ன நாயம்?”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தயே பண்றாக மச்சான். ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு இஞ்சு பொய் சொல்லக்கூடாதா?” என்பாள் அவள்.

அந்தப் பொய்யின் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் பெண்கள் துணியோடு ஒரு அளவு ஜாக்கெட்டையும் மஞ்சப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். பழைய ஜாக்கெட் ஒன்று, அதே அளவில் புதிது வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்தப் பழைய ஜாக்கெட்? அங்கேதான் விஷயம். பீரோவில் இருக்கிறதிலேயே எந்த வருஷத்து ஜாக்கெட் மிகச் சின்னதோ அதைத் தேடி எடுத்துக் கொண்டுவருவார்கள். தலைப்பிரசவத்துக்கு முந்தி தைத்ததை மூன்றாவது பேறு முடிந்து கொண்டுவந்து நீட்டிய மகராசிகள் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஹுஸ்னா அதை நம்பி அப்படியே தைத்துக் கொடுத்தாள். “என் அளவத்தானே கொடுத்தேன், நீ கெடுத்துட்ட” என்று சண்டைக்கு வந்தார்கள். நாலு சண்டைக்கு அப்புறம் அவளுக்குப் புரிந்தது. அளவு ஜாக்கெட் என்பது அளவு இல்லை, ஆசை. ஆசையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, ஆளைப் பார்த்துத் தைக்க வேண்டும்.

அன்று முதல் வாய் ஒன்று சொல்லும், சாக்பீஸ் ஒன்று போடும். “முப்பது” என்று காது குளிரச் சொல்லிவிட்டு, துணியில் முப்பத்துமூன்றுக்குக் கோடு கிழிப்பாள். ஜாக்கெட் உடம்புக்குக் கச்சிதமாக இருக்கும், மனசுக்கும் கச்சிதமாக இருக்கும். “அவ கைராசிக்காரி, அவ தச்சா எளச்ச மாதிரி தெரியும்” என்று பெயர் பரவியது. கூடலூர், ராயப்பன்பட்டி, மலைக்கு மேலே மேகமலை எஸ்டேட் லயத்து வீடுகள் என்று எங்கிருந்தோவெல்லாம் ஆள் வந்தது.

ரெடிமேட் நைட்டியும் தைத்த ஜாக்கெட்டும் விற்கத் தொடங்கியபோது இதைவிடப் பெரிய சோதனை வந்தது. கழுத்தில் ‘டபுள் எக்ஸ்எல்’ என்று சீட்டு. அதைப் பார்த்ததும், தேளைத் தொட்ட மாதிரி கையை உதறிவிட்டுப் போனார்கள். துணி பிடித்திருக்கிறது, நிறம் பிடித்திருக்கிறது, உடம்புக்கும் சரியாக இருக்கும். அந்தச் சீட்டுதான் பிடிக்கவில்லை. வெளியே கண்டக்டர் ஒருவர் “உத்தமபாளையம், சின்னமனூர், தேனி” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஹுஸ்னா கத்தரியை எடுத்துச் சீட்டையெல்லாம் நறுக்கிப் போட்டாள். அன்றிலிருந்து அவள் கடையில் அளவுக்கு ஊர்ப்பெயர்தான். ஆக ஒல்லி என்றால் லோயர் கேம்ப். அப்புறம் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி. அதற்கும் மேலே போனால் மதுரை. பஸ் போகிற வழியே அளவும் போகும்.

ஊர்ப்பெயரில் என்ன கேவலம் இருக்கிறது? தேனி மாவட்டத் தலைநகரம். மதுரை மீனாட்சி குடியிருக்கிற ஊர். “எனக்குச் சின்னமனூர் எடுங்கக்கா” என்று சத்தமாகவே கேட்டார்கள். குமுளியிலிருந்து வருகிற ஒரு மலையாளத்துச் சேச்சிகூட “எனிக்குத் தேனி மதி”, தேனியே போதும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டு வாங்கிப் போவார்.

இந்தக் காலத்துப் பெண்கள் பெருத்துவிட்டார்கள் என்று மண்டியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆட்களைக் கண்டால் ஹுஸ்னாவுக்கு ஆகாது. அவர்கள் சுவரில் மாட்டியிருக்கிற பழைய கல்யாணப் போட்டோக்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். எழுபது வருஷத்துக்கு முந்தின ஜாக்கெட்டுகளை ஹுஸ்னா கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். பழுது பார்க்க, கை மாற்ற என்று சில வீடுகளிலிருந்து வரும். பஃப் கை, நெஞ்சுக்குக் கீழே நறுக்கென்று நிற்கிற உயரம், இடுப்பு இருபத்தாறு, இருபத்தேழு. அதற்கும் முந்தினவர்கள் ஜாக்கெட்டே போட்டதில்லை, கண்டாங்கியை இழுத்துச் சொருகிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். பின்னால் ஜாக்கெட் நீண்டது, கை நீண்டது, நைட்டி வந்தது. அதுவரைக்கும் பாவாடை நாடா ஒன்றுதான் உண்மை பேசும் சாட்சி, முடிச்சுப் போட மிச்சக் கயிறு குறைந்தால் ஆள் பெருத்ததாக அர்த்தம். லெக்கின்ஸும் எலாஸ்டிக்கும் வந்து அந்தச் சாட்சியையும் கலைத்துவிட்டன.

“அந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு உடுக்கை மாதிரி இடுப்பு” என்று ஜெய்லானி ஒருநாள் பெருமூச்சு விட்டார்.

“பாதி அழகு, பாதி பசி மச்சான். புருசன், பிள்ளை எல்லாம் தின்னுட்டு மிச்சம் இருக்கிற கேப்பக்களிய வழிச்சுத் தின்னுட்டு, ஆத்துல இருந்து குடம் சுமந்து பாருங்க. உங்களுக்கும் உடுக்கை வரும்.”

ஜெய்லானி தன் வயிற்றைத் தடவிக்கொண்டு பேச்சை மாற்றினார்.

இனி அனுசுயாவுக்கு வரலாம். அவளும் ஹுஸ்னாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வாக்கப்பட்டது பக்கத்திலேயே சுருளிப்பட்டி. வீட்டுக்காரர் சுருளிராஜனுக்குத் திராட்சைத் தோட்டம். அந்தப் பழம் ஜெய்லானி மண்டிக்கு வரும், அனுசுயாவின் துணி ஹுஸ்னா கடைக்கு வரும். அனுசுயாவுக்கு வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, இடுப்பைப் பற்றிய பெருமை எல்லாவற்றையும்விடப் பெரிது. “ரெண்டு பெத்தும் முப்பத்திரெண்டு தாண்டலயே நான்” என்று கல்யாண வீடு, காதுகுத்து வீடு, ரேஷன் கடை என்று எங்கே போனாலும் சொல்வாள். அந்த முப்பத்திரண்டு ஹுஸ்னா கொடுத்தது. பல வருஷமாகத் திரைக்குப் பின்னால் ஹுஸ்னாவின் வாய் முப்பத்திரண்டு என்று சொல்லும், சாக்பீஸ் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு, போன தீபாவளிக்கு முப்பத்தாறு என்று போட்டுக்கொண்டே போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். தைக்கத் தெரிந்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

தை மாதம் அனுசுயாவின் மகன் விஜயகுமாருக்குப் பெண் நிச்சயமானது, கல்யாணம் ஆவணியில். மறுநாளே அனுசுயா ஒரு துணிப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாள். பிரித்தால், அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட். பஃப் கை, ஓரத்தில் சன்னமான ஜரிகை. அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பட்டு கிழியவில்லை.

“மகன் கல்யாணத்துக்கு இதத்தாண்டி போடப்போறேன்” என்றாள் அனுசுயா. “எங்க சின்னம்மா சொல்லுது, இந்தக் காலத்துப் பொம்பளைக ஒருத்திக்கும் இது கையிலகூட ஏறாதாம். நாலு பேரு மத்தியில சொல்லிருச்சு. நான் விடுவேனா?”

ஹுஸ்னா டேப்பை வைத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு. எதிரே நிற்கிறவள் முப்பத்தாறு. ஆண்டவனே வந்து தைத்தாலும் நடக்காது. அதை எப்படிச் சொல்வது? “உள்ள மடிச்ச துணி கொஞ்சம் இருக்கு, பிரிச்சு விட்டா முப்பது வரும்” என்று மட்டும் சொன்னாள்.

“அப்பறமென்ன? முப்பத்திரெண்டுல இருந்து முப்பது. ரெண்டே ரெண்டு இஞ்சு. அதுக்கா நான் பயப்படுவேன்?” என்று சொல்லிவிட்டுப் போனாள் அனுசுயா.

கிழக்கு வெளுக்கும் முன்பே திராட்சைத் தோட்டத்தைச் சுற்றி நடை. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல். சுருளிராஜன் “குதிரைக்கு வைக்கிறத எனக்கும் சேத்து வைக்கிறா” என்று மண்டியில் அழுதார். மாசியில் அனுசுயா பழைய ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து, “லூசாயிருச்சு, பிடிச்சுக் கொடு” என்றாள். ஹுஸ்னா பிடித்துக் கொடுத்தாள். சித்திரையில் மறுபடியும் வந்தாள். மறுபடியும் பிடித்தாள். “எம்புட்டுடி கொறஞ்சிருக்கேன்?” என்று கேட்டபோது, ஹுஸ்னா பாவம் என்ன செய்வாள்? முப்பத்தாறிலிருந்து குறைந்த கணக்கை எப்படிச் சொல்ல முடியும்? “ஒரு இஞ்சு” என்றாள். வைகாசியில் “ஒண்ணரை” என்றாள்.

ஊரே புகழ்ந்தது. “இளைச்சு எம்புட்டு அழகாயிட்டீக மதினி, என்ன சாப்பிடுறீக?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அனுசுயா கொள்ளு மகிமை சொன்னாள். கம்பம் கடைத்தெருவில் கொள்ளுக்கு கிராக்கி ஏறியது. பெண்கள் “அனுசுயாக்கா தைக்கிற இடத்துலதான் நானும் தைப்பேன்” என்று வரிசையில் வந்தார்கள். ஹுஸ்னாவுக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. சொல்லிச் சொல்லி அவள் மனதிலேயே அந்த முப்பத்திரண்டு உண்மை போலப் பதிந்துபோயிருந்தது.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் பட்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள் அனுசுயா. வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து அதையும் குடித்தாள். “என்ன வெயிலுடி” என்றாள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால், முப்பதுக்குப் பிரித்துத் தைத்திருந்த ஜாக்கெட்டில் ஹுஸ்னா ஒரு கொக்கியை மாட்டினாள். இரண்டாவதை மாட்டினாள். கடைசிக் கொக்கிக்கு இழுபறி இருக்கும், தையலை இன்னும் கொஞ்சம் பிரிக்க வேண்டிவரும் என்று பிரிக்கிற ஊசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அது ஒரு சத்தமும் இல்லாமல் மாட்டிக்கொண்டது. போதாததற்கு, முதுகுப் பக்கம் அவளுடைய இரண்டு விரல் தாராளமாக உள்ளே போயிற்று.

அனுசுயா கண்ணாடி முன்னால் போய் நின்று கையைத் தட்டினாள். “பாத்தியாடி! எங்கம்மா மாதிரியே இருக்கேனா?”

கண்ணாடியில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பஃப் கைக்குள் கை சுள்ளியாக இருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது, கன்னம் இல்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு துணியாகப் பிடித்துக்கொண்டே வந்தவள் ஆளை ஒருமிக்கப் பார்க்கவில்லை. ஆறு இஞ்சு. நடந்தும் கொள்ளு தின்றும் ஆறு மாதத்தில் யாருக்கும் ஆறு இஞ்சு போனதாக அவள் தொழிலில் பார்த்ததில்லை.

ஒரே ஒரு ஆளுக்கு அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறாள், அது அவள் வீட்டுக்காரர். சில வருஷம் முன்னால் ஜெய்லானியின் பேண்ட் எல்லாம் ஒவ்வொன்றாக இடுப்பில் நிற்காமல் நழுவியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். ஒருநாள் மண்டியில் வாழைத்தார் மேலேயே மயங்கி விழுந்தபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது.

அன்று ஹுஸ்னா கொக்கிகளைக் கழற்றிவிட்டு அனுசுயாவை அப்படியே அனுப்பிவைத்தாள். வீட்டுக்கு வந்து, கறிக்குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும், “சொல்லிர வேண்டியதுதானே” என்றார் ஜெய்லானி.

“என்னன்னு சொல்ல? ரெண்டு இஞ்சுதான் கொறஞ்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா மச்சான். ரெண்டு இஞ்சுக்கு எவ ஆஸ்பத்திரி போவா? ஆறுன்னு சொல்லணும். ஆறுன்னு சொன்னா, முன்ன இருந்தது முப்பத்தாறுன்னு சொல்லணும். இத்தன வருசமா நான் சொன்னது பொய்னு சொல்லணும். அவ வாய் சும்மா இருக்குமா? விடியிறதுக்குள்ள குமுளி முட்டும் தெரிஞ்சிரும். அப்பறம் என் கடைக்கு எவ வருவா?”

ஜெய்லானி சோற்றைப் பிசைந்தார். “எனக்கு அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். உப்புக் கரித்த குழம்பை அப்படியே ஊற்றிச் சாப்பிட்டார்.

மறுநாள் கடையைத் திறக்காமல் ஹுஸ்னா சுருளிப்பட்டிக்கு ஆட்டோ பிடித்தாள். அனுசுயா கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு.

“அனுசு, போன தீவாளிக்குத் தச்ச பச்ச ஜாக்கெட்ட எடு.”

“எதுக்குடி?”

“எடுடி.”

வந்த ஜாக்கெட்டை ஹுஸ்னா உள்பக்கம் புரட்டினாள். தான் இரண்டு தடவை பிடித்த தையலைச் சின்னக் கத்தரியால் சடசடவென்று அறுத்தாள். மடிந்திருந்த துணி விரிந்தது. டேப்பை அனுசுயாவின் கையில் கொடுத்தாள். “நீயே அள.”

அனுசுயா அளந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை அளந்தாள். “முப்பத்தாறுன்னு காட்டுது. டேப்பு சரியில்ல.”

“டேப்பு சரியாத்தான் இருக்கு. நாந்தான் சரியில்ல. உனக்கு ரெண்டு இஞ்சு கொறையலடி, ஆறு இஞ்சு கொறஞ்சிருக்கு. இது கொள்ளு இல்ல. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. நாளைக்கே போயி சக்கரை இருக்கான்னு பாரு, ஆத்தா. எனக்குப் பயமா இருக்கு.”

அனுசுயாவின் முகம் சிவந்தது. சர்க்கரை என்ற சொல் அவள் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

“அப்ப போன தீவாளிக்கு நான் முப்பத்தாறா?”

“ஆமா.”

“ஊரு பூராம் முப்பத்திரெண்டு முப்பத்திரெண்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனேடி, பாவி! எங்க சம்பந்திகிட்டக்கூடச் சொன்னேன்! எல்லாரும் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாகளே!”

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சுருளிராஜன், “எனக்கு அப்பவே தெரியும்” என்றார். சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு விழுந்ததை இங்கே எழுத முடியாது. பிறகு அனுசுயா ஹுஸ்னா பக்கம் திரும்பினாள்.

“பொறாமைடி உனக்கு. எங்கம்மா ஜாக்கெட்டு எனக்குப் பத்துதுன்னு பொறாமை. போறேன், நாளைக்கே ரத்தம் கொடுக்குறேன். ஒண்ணுமில்லேன்னு வரும். அந்தச் சீட்டக் கொண்டாந்து உன் கடை வாசல்ல நின்னு கத்துறேன். இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன், போ.”

பள்ளிக்கூட நாளிலிருந்து அவர்கள் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், ‘போ’ என்று அனுசுயா சொன்னதில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஹுஸ்னா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினார்.

ஹுஸ்னா பயந்த மாதிரியே சாயங்காலத்துக்குள் போன் மூலம் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மறுநாள் கடை திறந்ததும் ஏழெட்டுப் பெண்கள் கும்பலாக வந்து நின்றார்கள். கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கிற ஞானபாக்கியம் முன்னால் நின்றாள். ஹுஸ்னா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, விழுகிற வசவு விழட்டும் என்று நின்றாள்.

“ஏன்க்கா, அனுசுயாக்கா சொல்றது நெசமா? நீங்க அளவக் கொறச்சுத்தான் சொல்லுவீகளாம்ல?”

“நெசந்தான்.”

“அதுக்கு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீக? எங்களுக்குத் தெரியாதாக்கும்?” ஞானபாக்கியம் சிரித்தாள். “எங்க வீட்டுல டேப்பு இல்லையா, நாடா இல்லையா, கண்ணாடி இல்லையா? நாள் பூராம் வீட்டுலயும் ஆபீசுலயும் நெசத்தக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். இங்கன வந்தா ஒரு நல்ல வார்த்த கேக்கலாம்னுதானே வாரோம். இனிமே உண்மையச் சொல்றேன்னு கெளம்பிறாதீக.”

பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி மட்டும் ஹுஸ்னாவின் காதோரம் வந்து, “எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க” என்றாள். ஹுஸ்னா சொன்னாள். கேட்டவள் முகம் சுருங்கிப்போயிற்று. “சரி சரி, பழையபடி உத்தமபாளையமே எடுங்க” என்று நைட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஹுஸ்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு வலியும் வந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பொய்யை நிஜமாகவே நம்பியவள் அனுசுயா ஒருத்திதான். டேப்பை நம்பி அல்ல, ஹுஸ்னாவை நம்பி.

இரண்டு நாள் கழித்துச் சுருளிராஜன் வந்தார். பெண்கள் கடை என்பதால் வாசல்படிக்கு வெளியே, தொங்குகிற நைட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு துண்டைக் கையில் முறுக்கினார்.

“தங்கச்சி, சக்கரை நானூத்திச் சொச்சம்னு வந்திருக்கு. டாக்டரு அப்படியே பெட்டுல படுக்கச் சொல்லிட்டாக. கல்யாண அலைச்சல்ல இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நெனவு தப்பி விழுந்திருப்பான்னு சொன்னாக. இப்ப ஊசி போட்டு இறக்கிட்டு இருக்காக. பயப்படுறதுக்கு இல்லையாம்.”

“நான் வந்து பாக்கட்டுமாண்ணே?”

அவர் தலையைக் குனிந்தார். “உன்கூடப் பேச மாட்டேங்குறா. சக்கரைக்குக்கூட அவ அழுகல தங்கச்சி. முப்பத்தாறுக்குத்தான் அழுகுறா.”

கல்யாணம் ஆவணியில் நல்லபடியாக நடந்தது. பத்திரிகை வந்தது, சுருளிராஜன்தான் கொண்டுவந்தார். ஹுஸ்னா ஜெய்லானியோடு போய் மொய் எழுதிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். மேடையில் அனுசுயா ஒரு நீலப் பட்டு ஜாக்கெட் போட்டிருந்தாள். கழுத்து இறங்கி, கை தூக்கி, தோளில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. தேனியில் யாரிடமோ தைத்திருக்கிறாள். சாப்பாட்டுப் பந்தியில் யார் என்ன பரிமாறினார்கள் என்பது ஹுஸ்னாவுக்கு நினைவில்லை, அந்தச் சுருக்கம் மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது. அனுசுயா ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி நெருக்கம், கடையில் நிற்க இடமில்லை. ஞானபாக்கியம் உட்பட நாலைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். அப்போது அனுசுயா படியேறி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. நேராகத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ஹுஸ்னா டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அனுசுயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பியிருந்தது. கழுத்தெலும்பு உள்ளே போயிருந்தது. ஹுஸ்னா டேப்பைச் சுற்றினாள். முதல் தடவையாக அனுசுயா மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, தாராளமாக விட்டுக்கொண்டு நின்றாள்.

“முப்பத்தொண்ணரை” என்றாள் ஹுஸ்னா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“என்னது?”

“முப்பத்தொண்ணரைடி. ஆனியில முப்பதுகூட இல்ல நீ. இப்ப ஒண்ணரை இஞ்சுக்கு மேல ஏறியிருக்கு.”

அனுசுயா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அதட்டல் குறையவில்லை. “ஒழுங்காப் பாத்தியா? டாக்டரு வெயிட்டு ஏறணும்னு சொல்லியிருக்காக, ஏறாட்டி ஊசியக் கூட்டணுமாம். எனக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு கூட்டிச் சொல்லலையே? சத்தியமா?”

ஹுஸ்னா டேப் சுற்றி வந்து சேருகிற இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அனுசுயாவின் தலையை முன்னால் குனியவைத்தாள். அனுசுயா இடுப்பில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். உதட்டை அசைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, “முப்பத்தொண்ணரை” என்று சத்தமாகப் படித்தாள்.

ஹுஸ்னா விரலைத் தளர்த்தப் போனாள். அனுசுயா அவள் கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்காதடி. இன்னொரு தடவ பாத்துக்கிறேன்.”